எடைக்கு வாங்கு, கதைக்கு வாங்காதே

எய்யா, மொதல்ல அந்தப் போனைப் பைக்குள்ள வை. கத்தி அடிக்கணும்னு ஆசைப்படுதே, சந்தோசம். இந்த ஊர்ல அருவா அடிச்சவுக பேரப்பிள்ளையெல்லாம் துபாய்ல ஏசி மாட்டிக்கிட்டு இருக்கு. பெங்களூர்ல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருந்த நீ உலை மூட்ட வந்து நிக்கே. காலம் நல்லாத்தான் வேடிக்கை காட்டுது.

டவுன்ல ஃபர்னிச்சர் கடைக்குப் போயி ‘ராட் அயர்ன் இருக்கா’ன்னு கேட்டியாம்லா? அவன் ஊஞ்சலைக் காட்டுனானாம், நீ அதோட கால்ல நகத்தை வச்சுச் சுரண்டிப் பாத்தியாம். கடைக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கான். அது கறுப்புப் பெயிண்ட் அடிச்ச எம்.எஸ்., அதாவது சாதா எஃகுக் கம்பிய்யா. வளைச்சு, பூ வச்சு, வெல்டிங் அடிச்சு, பேரை மட்டும் ராட் அயர்ன்னு வச்சுக்கிடுதாவ. அவனைக் குத்தஞ் சொல்ல முடியாது, உலகம் பூரா அப்படித்தான் விக்காவ. நிஜ ராட் அயர்னை, அதான் தேனிரும்பை, வியாபாரத்துக்குக் காய்ச்சுன கடைசி இடம் இங்கிலாந்துல போல்டன்ங்கிற ஊர், தாமஸ் வாம்ஸ்லி கம்பெனியோட அட்லஸ் பட்டறை. 1973-ல அதையும் மூடி, தட்டுமுட்டுச் சாமானைப் பிளிஸ்ட்ஸ் ஹில் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ. அருங்காட்சியகத்துக்குப் போன சரக்கை நீ தவணைக்குக் கட்டில் விக்கிறவன்கிட்ட தேடுதே.

சரி, புதுசு கிடையாது, பழசைத்தான் பிடிக்கணும்னு புரிஞ்சுக்கிட்டே. இங்கனதான் நீ ஏமாறப் போறே. உங்கிட்ட விக்க வாரவன் இரும்பை விக்க மாட்டான், கதையை விப்பான். ‘வெள்ளைக்காரன் காலத்துது சார்’னு ஒருத்தன், ‘ஜமீன் வீட்டுக் கேட்டு சார்’னு ஒருத்தன், ‘ஹார்வி மில்லுல கழட்டுனது சார்’னு இன்னொருத்தன். நீ வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருப்பே. இரும்பு ஒரு விலை, கதை அதுக்கு மேல நாலு விலை.

கதையை வடிகட்டணும்னா இந்த இரும்பை எப்படிச் செஞ்சாவன்னு தெரியணும். 1784-ல ஹென்றி கார்ட்னு ஒரு வெள்ளைக்காரன் இதுக்கு வழி கண்டான். வார்ப்பிரும்பை உலையில உருக்கி, நீளக் கம்பியை விட்டு ஒரு ஆள் நின்னு கிண்டிக்கிட்டே இருக்கணும். இரும்புல உள்ள கரி எரிஞ்சு குறையக் குறைய, அது உருகுறதுக்கு வேண்டிய சூடு ஏறிக்கிட்டே போகும். உலைச்சூடு அதுக்குப் பத்தாது. அதனால உருகுன இரும்பு கெட்டிப்பட்டு உருண்டையாத் திரளும். அதை இழுத்துப் போட்டு நீராவிச் சம்மட்டியில அறைஞ்சா கசடு பிதுங்கி ஓடும். எல்லாம் ஓடாது, கொஞ்சம் உள்ளயே நிக்கும். பிறகு உருளையில விட்டு நீட்டி, வெட்டி, அடுக்கி, மறுபடி காய்ச்சி ஒட்டவச்சு நீட்டுவாவ. உள்ள நின்ன கசடு இழை இழையா நீண்டு போயிரும். ‘கிரெய்ன் தாத்தா, கிரெய்ன்’னு படத்தைக் காட்டி மயங்குதியே, அந்த வரி என்னன்னு நெனைச்சே? உலைக் கசடுய்யா.

அதுலயும் தரம் உண்டு. மறுபடி அடுக்கி உருட்டுனா ‘பெஸ்ட்’, இன்னொருக்கா அடுக்குனா ‘பெஸ்ட் பெஸ்ட்’, அதுக்கும் மேல ‘பெஸ்ட் பெஸ்ட் பெஸ்ட்’. நான் கிண்டல் பண்ணல, வெள்ளைக்காரன் வச்ச பேரே அதுதான். நம்ம ஊர் அல்வாக் கடைக்காரனே போர்டுல ‘ஒரிஜினல்’னு ஒரு தடவைதான் எழுதுதான்.

1856-ல பெஸ்ஸிமர்னு ஒருத்தர் வந்தாரு. உருகுன வார்ப்பிரும்புக்குள்ள காத்தை ஊதி எஃகாக்குற வித்தையைச் சொன்னாரு. ஆள் நின்னு வேர்வை சிந்திக் கிண்ட வேண்டாம், சரக்கும் மலிவு. கொஞ்சங் கொஞ்சமா கிண்டுற தொழில் படுத்துப்போச்சு. 1889-ல எழுப்புன ஈபிள் கோபுரத்துல 7,300 டன் தேனிரும்பு இருக்கு. அதை நெனைச்சுப் பெருமூச்சு விட்டுக்கோ, பாரிஸ்காரன் தர மாட்டான். நம்ம நாட்டுல ஜாம்ஷெட்பூர்ல டாடா 1912-ல காய்ச்ச ஆரம்பிச்சதே எஃகுதான். உத்தரத்துல டாடான்னு எழுத்து உருட்டியிருந்தா, அது எந்த ஜமீன் வீட்டு உத்தரமா இருந்தாலும் அங்கன இருந்து நடையைக் கட்டு.

அதனால எங் கணக்கு இது: 1890-க்கு முந்தினதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா கையை நீட்டு. 1920-க்குப் பிந்தினதுன்னா கையைப் பைக்குள்ள வை. நடுவுல உள்ளதை வெட்டிப் பாத்துத்தான் சொல்லணும். நங்கூரச் சங்கிலியும் பாரந் தூக்குற கொக்கியும் மட்டும் விலக்கு. பத்தவைக்கச் சுளுவுன்னு அதையெல்லாம் பின்னாலயும் ரொம்ப நாள் தேனிரும்புலயே அடிச்சாவ. உங்க தாத்தா கல்யாணத்துக்கு வச்ச கேட்டைக் காட்டி ‘எம்புட்டுப் பழசு’ங்கியே, அந்தக் கல்யாணப் பந்தியில நான் ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சவன். அது வெறும் கேட்டு.

எல்லாவனும் மொதல்ல ஓடுறது வண்டிச் சக்கரத்துக்கு. நீயும் ஓடுவே. சக்கரத்தைச் சுத்தி இரும்புப் பட்டா கட்டுறதை நீ பாத்திருக்க மாட்டே, கேட்டுக்கோ. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் தச்சாசாரி முடிச்சுத் தந்துருவாரு. பட்டையை வட்டமா வளைச்சு, ரெண்டு முனையையும் சரிவா அடிச்சு மெலிசாக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் பத்தவைக்கிறது எங்க வேலை. சக்கரத்தை விடப் பட்டா ஒரு பொடி சின்னதா இருக்கணும். தரையில படுக்கப் போட்டு, சுத்தி வரட்டி அடுக்கித் தீ வச்சா, பட்டா காய்ஞ்சு விரியும். நாலு பேரு குறடால தூக்கி மரச்சக்கரத்து மேல இறக்குவோம். மரம் குப்புன்னு பத்தும். உடனே குடங்குடமாத் தண்ணி. பட்டா சுருங்கையில வட்டையும் ஆரக்காலும் நெறுநெறுன்னு நெரிஞ்சு இறுகுற சத்தம் இருக்கே, அதைக் கேட்டாத்தான் ஆசாரிக்குக் கூலி கேக்க வாய் வரும்.

அந்தப் பட்டாவுல பத்தவச்ச இடத்தைத் தேடிப் பாரு. சரிவான ஒரு கோடு தெரிஞ்சா அது உலையில ஒட்டுனது, மேற்கொண்டு சோதிக்கலாம். புடைப்பா ஒரு வெல்டிங் தடிப்பு இருந்தா விட்டுரு. கோடு தெரிஞ்சாலும் தேனிரும்புன்னு முடிவு கட்டிராதே, எஃகுப் பட்டையையும் நாங்க அப்படித்தான் ஒட்டுனோம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் கட்டுன பட்டா அம்புட்டும் கடையில வாங்குன உருட்டுப் பட்டைதான். அது போக, இப்ப நல்ல சக்கரமெல்லாம் ரிசார்ட்டுக்காரன் சுவத்துல போயி ஏறிருச்சு. அவன் குடுக்குற விலைக்கு நீ மல்லுக்கட்ட முடியாது. சக்கரம் உடைஞ்சு, பட்டா மட்டும் மாட்டுத்தொழுவுல கெடக்கும்லா, அதைக் கேளு. இருசும் கடையாணியும் சேந்தே கெடைக்கும்.

என்னைக் கேட்டா ஜன்னல் கம்பிதான் ராஜா. பழைய வீடு இடிக்கிற எடத்துல தேக்குக்கு அடிச்சுக்கிடுவானுவ, கதவுக்கு அடிச்சுக்கிடுவானுவ, ஜன்னல் கம்பியை ஒரு நாதி சீண்ட மாட்டான். மரச்சட்டத்துல துளை போட்டுச் செருகுன நெட்டுக் கம்பி, நீளம், நேரு, உன் கத்திக்கு வேண்டிய கனம். கூடவே நாதாங்கி, கதவுக் கீல், கூரையில பங்கா தொங்குன கொக்கி. காரைக்குடியில முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்குப் போயி இதையே கேட்டா, துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருப்பாவ, விலை உன்னைத் துடைச்சுரும். இடிக்கிற எடத்துல கொத்தனாருக்கு டீ வாங்கிக் குடுத்தா எடைக்குக் கெடைக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் தோணித்துறையில நல்ல தடிச் சங்கிலி கண்ணுல பட்டா விடாதே. ஜப்பான்ல இழைப்புளிக்கு அலகு அடிக்கிறவுக பழைய நங்கூரச் சங்கிலியைத் தேடித்தேடி வாங்குவாவ, அம்புட்டு மதிப்பு. ஆனா துரு பிடிச்ச சங்கிலியெல்லாம் பழஞ்சங்கிலி இல்ல. உப்புக்காத்துல போன வருசத்துச் சங்கிலியே தாத்தா மாதிரித்தான் இருக்கும்.

இரும்புக் கடைக்குப் போனா மூஞ்சியை வச்சுக்கிடத் தெரியணும். வண்டி வாடகை குடுக்க முடியாம அல்லாடுறவன் கணக்கா நில்லு. எது வேணுமோ அதைத் தொடாதே, வேண்டாத நாலு சாமானைத் தூக்கி விலை கேளு. ‘ஆன்டிக்’னு ஒரு வார்த்தை உன் வாயில இருந்து விழுந்துச்சுன்னு வையி, கிலோ விலையில கெடந்தது துண்டு விலைக்கு ஏறிரும். அவன் தராசுல ஏத்துனதுக்கு அப்புறம் சிரி.

வார்ப்பிரும்பைத் தூக்கிட்டு வந்து நிக்காதே. கிணத்து ராட்டினம், தையல் மிஷின் கால், இதெல்லாம் அச்சுல ஊத்துனது. காய்ச்சிச் சம்மட்டி போட்டா பொலபொலன்னு உதிர்ந்துரும்.

இப்பச் சோதனைக்கு வா. மொதல்ல துருவைப் பாரு, இதுக்குக் காசு கெடையாது. மழையில பல வருசம் கெடந்த எம்.எஸ். கம்பி, அம்மைத் தழும்பு விழுந்து அங்கங்க குழியும். தேனிரும்பு அப்படித் துருப்பிடிக்காது. கம்பி போற போக்குல நீளவாக்குல வரி வரியாப் பள்ளம் விழும், இரும்பு அரிச்சுப்போயி கசடு இழை தூக்கிக்கிட்டு நிக்கும். விரல் நுனியை வச்சு நீளவாக்குல தடவுனா வழுக்கும், குறுக்க தடவுனா தட்டும்.

அடுத்தது ஹேக்சா பிளேடு. இது இல்லாம வீட்டை விட்டு இறங்காதே. கம்பியைப் பாதிக்குக் கொஞ்சம் குறைய அறுத்துட்டு, வைஸ்ல பிடிச்சு, அறுத்த வாய் வெளிய இருக்குற மாதிரி மெதுவா வளை. எஃகுன்னா வழவழன்னு வளையும், இல்ல படக்குன்னு ஒடிஞ்சு வெட்டு வாய் மினுமினுன்னு நிக்கும். தேனிரும்புன்னா ஒடியாது. பச்சைப் பனைமட்டையை முறிச்சது போல நார்நாராக் கிழிஞ்சு, ஒண்ணை ஒண்ணு விடாமப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும். நார் கறுப்பும் சாம்பலுமா இருக்கும். அதை ஒருக்கா கண்ணால பாத்துட்டா பிறகு எந்த யாவாரியும் உங்கிட்ட ஜமீன் கதை சொல்ல முடியாது. நார் ரொம்ப மொத்தமா, பொத்தலா இருந்தா மட்டமான சரக்கு. நல்ல இரும்புல ரெண்டு மூணு சதவீதத்துக்கு மேல கசடு இருக்கக் கூடாது. டைட்டானிக் கப்பல்ல அடிச்ச ஆணியில சிலதைக் கடலுக்கு அடியில இருந்து எடுத்துச் சோதிச்சா, கசடு அதைப்போல மூணு மடங்கு இருந்துச்சாம். முன்னாலயும் பின்னாலயும் தேனிரும்பு ஆணிதான் அடிச்சிருந்தாவ. ஆக, தேனிரும்பா இருந்தா மட்டும் போதாது.

கிரைண்டர் இருந்தா பொறியைப் பாரு. தேனிரும்புல பொறி மங்கலாச் செவந்து நீளமா ஓடும், நுனியில பூ வெடிக்காது. லாரி வில்லுப் பட்டையை வச்சா பொறிக்குப் பொறி பூ வெடிக்கும். கரி கூடக்கூட பூவும் கூடும்.

கை வைக்கக் கூடாத எடத்தையும் சொல்லிருதேன், நீ ஆர்வக்கோளாறு புடிச்சவன். தெக்க மொதப் பயணிகள் ரயில் ராயபுரத்துல இருந்து 1856-ல ஓடுச்சு, அப்பத் தண்டவாளம் தேனிரும்புதான்னு நேத்து வாசிச்சுட்டு இன்னைக்கு ஸ்டேசன் பக்கம் பையோட உலாத்துதே. அந்தக் காலத்துத் தண்டவாளத்தை எல்லாம் மாத்தி நூறு வருசத்துக்கு மேல ஆகுது. இப்பக் கெடக்கிறது கரி ஏறுன எஃகு. ரயில்வே சொத்தை வச்சிருந்தாலே உள்ள வைக்க 1966-லயே சட்டம் போட்டிருக்கு. கொல்லன் ஆகப் போறேன்னு போயிக் கைதி ஆயிராதே.

அது போக, நம்ம சிவகளை. இங்க கெடைச்ச இரும்பு 5,300 வருசப் பழசுன்னு 2025 ஜனவரியில அறிக்கை வந்ததுல இருந்து உன்ன மாதிரி நாலு பேரு காந்தத்தைக் கயித்துல கட்டிக்கிட்டு பொத்தையில அலையுதானுவ. அது அகழாய்வுக்காரங்க எடம்ய்யா. மண்ணுக்குள்ள அம்புட்டுக் காலம் கெடந்த இரும்புல பாதிக்கு மேல துருக்கட்டிதான், உலையில வச்சா ஒண்ணும் மிஞ்சாது. கோவில்ல நேந்து போட்ட அருவா, வேல் பக்கமும் போகாதே. சட்டம் என்ன சொல்லுதுன்னு வக்கீலைக் கேளு. சாமி என்ன சொல்லும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கொண்டு வந்த கம்பியை நேரா உலைக்குள்ள செருகாதே. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும், வாசல்ல முகமூடி போட்டுச் சுரண்டி எடு, பிள்ளைகளைப் பக்கத்துல விடாதே. வெள்ளையா மினுங்குற துத்தநாகப் பூச்சு இருந்தா அந்தத் துண்டையே தூரப் போடு. அந்தப் புகையை மோந்தா ராத்திரி குளிர் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடும். உங்க அம்மா பேய் புடிச்சிருச்சுன்னு எங்கிட்ட வந்து நிப்பா.

இனி அடி. வீடியோவுல செவந்த இரும்பை அடிக்கான்னு நீயும் செவப்புல அடிச்சா இது நீளவாக்குல கீறி விரிஞ்சிரும். பிறகு ‘தாத்தா ஏமாத்திட்டாரு’ன்னு சொல்லுவே. மஞ்சள் தாண்டி வெள்ளைக்கு வரணும், மேல்பக்கம் ஈரமாத் தெரியணும். மொத அடி பூப்போல போடு, இழையெல்லாம் ஒண்ணு சேரட்டும். மடிச்சு ஒருக்காப் பத்தவச்சு நீட்டுனா இன்னும் கெட்டிப்படும். கசடே உள்ள இருக்குறதால ஒட்டுறதுக்கு இது ரொம்ப இணக்கமான இரும்பு, ஆனாலும் கொஞ்சம் வெங்காரம் தூவிக்கோ. சூடு இறங்கி மஞ்சள் போச்சுன்னா சம்மட்டியைக் கீழ வை. நாலு அடியைக் கூடப் போட்டுப் பாப்போம்னு கை ஊறும் பாரு, அப்பத்தான் கம்பி வாயைப் பொளக்கும்.

இம்புட்டும் பண்ணினா கத்தி வந்துருமா? வராது. இதைத்தான் எந்த வீடியோக்காரனும் சத்தமாச் சொல்ல மாட்டான். தேனிரும்புல கரி 0.1 சதவீதங்கூடத் தேறாது. எத்தனை தோய்ச்சல் குடுத்தாலும் வாய் நிக்காது, வாழைத்தாரு வெட்டுறதுக்குள்ள மழுங்கிரும். வாய்க்கு எஃகு வேணும். திருப்பாச்சேத்தி அருவாவுக்கு அம்புட்டுப் பேரு இருக்கே, அங்கயும் லாரி வில்லுப் பட்டையைத்தான் காய்ச்சி அடிக்காவ. அதுல கரி 0.6 சதவீதம் கிட்ட இருக்கும். தேய்ஞ்ச நல்ல அரம்னா 1-ஐத் தாண்டும். நடுவுல அதை வச்சு, ரெண்டு பக்கமும் தேனிரும்பை ஒட்டி அடி. வாய் எஃகு, ஒடம்பு தேனிரும்பு. ஒட்டும்போது மட்டும் வெள்ளைச் சூட்டுக்குப் போகாதே. தேனிரும்பு தாங்கும், அரம் பொரிஞ்சு உதிர்ந்துரும். மஞ்சளோட நிறுத்திக்கோ.

பிறகு தீட்டி, எலக்ட்ரானிக் சாமான் கடையில ஃபெரிக் குளோரைடுன்னு கேட்டு வாங்கி, தண்ணியில கலந்து முக்கியெடு. கையுறை போட்டுக்கோ. எஃகு கறுத்து நிக்கும், தேனிரும்புல வரி ஓடும். அதைப் படம் புடிச்சு உலகத்துக்கெல்லாம் அனுப்பு, யாரு வேண்டாம்னா? ஆனா போற போக்குல கத்தியை இடுப்புல செருகிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதே. 2021-ல போலீஸ் அருவாப் பட்டறை பட்டறையா வந்து, வாங்க வாரவன் பேரு, வெலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிட்டுப் போச்சு. நீளத்தை ஒரு சாணுக்குள்ள வச்சுக்கோ, சமையக்கட்டுக் கத்தின்னா கேள்வி இல்ல.

கையெழுத்துப் போடணும், கம்பெனிப் பேரு வெட்டணும்ங்கியே, அதெல்லாம் பிறகு. மொதக் கத்தியை உங்க ஆச்சிகிட்ட குடு. அவ அருவாமணையை விட்டுட்டு அதுல ஒரு நெய்மீனைத் துண்டு போட்டுப் பாக்கட்டும். முள்ளு அறுக்கையில வாய் மடங்குச்சுன்னா, உன்னையும் வைவா, சொல்லிக்குடுத்த என்னையும் சேத்து வைவா. நான் அன்னைக்கு ஏரலுக்குச் சந்தைக்குப் போயிருவேன், இப்பமே சொல்லிட்டேன்.